வானொலித் தொடர்பு அறுதலும் இருதரப்புப் பொறுப்பும்

பறந்துகொண்டிருக்கும் பயணியர் விமானத்துக்கும் தரையிலுள்ள வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இடையே பேச்சுத் தொடர்பு அறுந்துபோனால், அது கருவிக் கோளாறு என்றோ விமானியின் அலட்சியம் என்றோ சொல்லி முடித்துவிடுவதே வழக்கமாக உள்ளது. பதிவான நிகழ்வுகளைக் கூர்ந்து நோக்கினால் இவ்விரு விளக்கங்களும் போதாதவை என்பது புலப்படும். வானொலித் தொடர்பு இரு முனைகளிலும் இருப்பவர்கள் சேர்ந்து காக்கும் ஒழுங்கு. அது குலையும்போது பொறுப்பும் இரு முனைகளுக்கும் உரியது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

முதலில், எவர் தவறுமின்றி இயற்கையாகவே நேரும் தொடர்பின்மையைப் பிரித்தறிதல் வேண்டும். நிலப்பகுதிக்கு மேல் பறக்கும்போது விமானிகள் பயன்படுத்தும் விஎச்எஃப் வானொலி, 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் இயங்குகிறது. இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், பூமியின் வளைவுக்கு அப்பால் இருக்கும் விமானத்தை அவை எட்டுவதில்லை. அலைவாங்கியின் உயரத்தையும் விமானத்தின் உயரத்தையும் மீட்டரில் கொண்டு, அவ்விரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால், தொடர்பு எட்டும் எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, திருவனந்தபுரம் விமான நிலையம் சங்குமுகம் கடற்கரையை ஒட்டி, கடல்மட்டத்துக்குச் சற்றே மேலாக அமைந்துள்ளது; அதே மாவட்டத்தின் பொன்முடியோ ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ளது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் தாழப் பறக்கும் விமானத்தைக் கடற்கரை மட்டத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் வரையே எட்ட முடியும் என்றால், பொன்முடி உச்சியில் நிறுத்தப்படும் அலைவாங்கி அதை ஏறத்தாழ 267 கிலோமீட்டர் வரை எட்டும். மலை இவ்வாறு துணைசெய்வது போலவே மறைக்கவும் செய்கிறது. 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடத்தின் கிழக்கே, திருநெல்வேலிச் சமவெளிப் பக்கம் தாழப் பறக்கும் விமானத்துக்கும் மேற்குக் கடற்கரைக்கும் இடையே மலைத்தொடரே தடையாகிறது. ஆயினும் இத்தகைய மறைவு வரைபடத்திலிருந்தே முன்கூட்டிக் கணக்கிடக்கூடியது. இருதரப்பும் எதிர்பார்த்திருக்கும் தொடர்பின்மையால் விளையும் ஆபத்து குறைவு.

கடலுக்கு மேலும் இதே நிலைதான். திருவனந்தபுரத்தை உள்ளடக்கிய சென்னை விமானத் தகவல் மண்டலம் வங்கக் கடலின் மீதும் விரிந்து கிடப்பதால், அங்கே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் எச்எஃப் அலைகளும் செயற்கைக்கோள் வழியே எழுத்துச் செய்தி அனுப்பும் முறையும் பயன்படுகின்றன. இரைச்சல் மிகுந்த எச்எஃப் அலையை விமானிகள் மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லாதபடி, ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. அதற்குரிய தொனிகளைத் தரைநிலையம் ஒலிபரப்பியதும் விமானி அறையில் மணி ஒலிக்கும். செல்கால் எனப்படும் இவ்வேற்பாடு, கேட்பவரின் கவனத்தை மட்டும் நம்பியிராமல் அழைப்பவரும் முயற்சி எடுக்க வேண்டும் என்ற அடிப்படையில் அமைந்தது என்பது இங்கே கருதத்தக்கது.

எதிர்பாராத தொடர்பின்மையே உண்மையான சிக்கல். 2017 பிப்ரவரி 16 அன்று மும்பையிலிருந்து லண்டனுக்கு 330 பயணியரோடும் 15 பணியாளர்களோடும் சென்ற ஜெட் ஏர்வேஸின் போயிங் 777 விமானம் ஜெர்மனியின் வான்வெளியில் அழைப்புகளுக்கு மறுமொழி தராமற்போகவே, ஜெர்மானிய விமானப்படையின் போர்விமானங்கள் கொலோன் நகரப் பகுதியில் அதனருகே அனுப்பப்பட்டன; தொடர்பு மீண்டது, விமானம் லண்டனில் பத்திரமாக இறங்கியது, விமானிகள் பணியிலிருந்து விலக்கிவைக்கப்பட்டனர். அடுத்த மாதமே அகமதாபாத்திலிருந்து லண்டன் சென்ற ஏர் இந்தியா விமானம் ஹங்கேரிக்கு மேல் இதே நிலைக்கு ஆளானது. ஐரோப்பிய வான்வெளியில் ஒரு நாட்டைக் கடக்கக் குறுகிய நேரமே ஆவதால், கட்டுப்பாட்டாளர் சொல்லும் புதிய அலைவரிசையை விமானி திரும்பக் கூறி, எண்களைத் திருப்பியமைத்து, அடுத்த நிலையத்தை அழைக்கும் செயல் பயணத்தில் பலமுறை நிகழ்கிறது. ஆறு இலக்க எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் வானொலி பழுதின்றி இயங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அதில் வேறொருவர் குரல் ஒலிக்கும் அல்லது எக்குரலும் ஒலிக்காது. நெரிசல் குறைந்த நேரங்களில் சில நிமிட அமைதி இயல்பாகத் தோன்றுவதால், பிழை நேர்ந்ததை விமானி உணரவும் தாமதமாகிறது.

புதிய அலைவரிசையைத் திரும்பக் கூறுவது விமானியின் கடமை என்றால், அவ்வாறு கூறப்பட்டதைக் கேட்டுப் பிழையைத் திருத்துவது கட்டுப்பாட்டாளரின் கடமை என்று பன்னாட்டு விமான நடைமுறை விதிகள் தெளிவாகவே வகுத்துள்ளன. 2009 அக்டோபர் 21 அன்று நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் 188ஆம் விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்பின்றிப் பறந்து, இறங்கவேண்டிய மினியாபொலிஸைக் கடந்து சென்றபோது, மடிக்கணினியில் ஆழ்ந்திருந்த விமானிகளின் தவறு ஐயத்துக்கிடமற்றது. ஆனால் அதை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அத்துடன் நின்றுவிடாமல், அலைவரிசை மாற்றத்தையும் தொடர்பின்மையையும் பதிவுசெய்து அடுத்துப் பணிக்கு வருபவருக்குத் தெரிவிக்கும் சீரான முறை கட்டுப்பாட்டு நிலையங்களுக்குத் தேவை என்றும் பரிந்துரைத்தது. விசாரணை செல்லவேண்டிய திசை இதுவே.

பழைய விதிகள் தொடர்பிழந்த விமானியை நம்பியே எழுதப்பட்டவை. அவர் 7600 என்ற எண்ணைத் தன் விமானத்தின் குறியீட்டுக் கருவியில் இட்டுத் தன் நிலையைத் தரைக்கு உணர்த்துவார். மேகமூட்டத்தில் பறப்பவராயின், கடைசியாகப் பெற்ற உயரத்தையும் வேகத்தையும் ராடார் பயன்படாத பகுதியில் 20 நிமிடமும் பயன்படும் பகுதியில் 7 நிமிடமும் மாற்றாமல் காத்து, பின்னர் முன்கூட்டிக் கொடுத்த பயணத் திட்டத்தின்படியே செல்வார். இறங்க வருபவருக்குக் கோபுரத்திலிருந்து காட்டப்படும் நிலையான பச்சை விளக்கு அனுமதியையும், விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கு இறங்கலாகாது என்பதையும் குறிக்கும். பகலில் இறக்கைகளை அசைத்து அவர் மறுமொழி தருவார். 2001 செப்டம்பரில் நடந்த விமானக் கடத்தல் தாக்குதல்களுக்குப் பிறகோ, பேசாத விமானம் அச்சுறுத்தலாகவும் இருக்கக்கூடும் என்ற ஐயம் முன்னுக்கு வந்தது. அவ்வையம் ஆதாரமற்றதன்று. அத்தகைய விமானத்தை நோக்கிப் போர்விமானங்கள் செல்வதில் வேறொரு பயனும் உண்டு: 2005 ஆகஸ்ட் 14 அன்று, காற்றழுத்தம் குறைந்து உணர்விழந்தவர்களோடு பறந்த ஹீலியோஸ் 522 விமானத்தின் நிலையை முதலில் கண்ணால் கண்டவர்கள் கிரேக்க எஃப்-16 விமானிகளே. ஆனால் அவர்களால் அதிலிருந்த 121 பேரையும் காப்பாற்ற இயலவில்லை என்பதும் வரலாறு.

ஆகவே, விமானிகளைப் பணியிலிருந்து விலக்குவதோடு கோப்பை மூடும் விசாரணை பாதி விசாரணையே. இந்திய விமான நிறுவனங்கள் இரண்டாவது வானொலியில் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையைக் காதில் விழும் ஒலியளவில் எப்போதும் வைத்திருக்கச் செய்வதும், விமானத்தை அனுப்பும் கட்டுப்பாட்டு நிலையம், அடுத்த நிலையம் அதன் குரலைக் கேட்டதா என்பதைக் குறித்த நேரத்துக்குள் உறுதிசெய்வதைக் கட்டாயமாக்குவதும் உடனே செய்யத்தக்கவை. இரண்டுக்கும் புதிய கருவி எதுவும் தேவையில்லை.