உடுப்புக்குக் காசு சேர்த்த தங்கச்சியும் பிரேக் டான்ஸும்

பிரேக் டான்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது தலைகீழாகச் சுழலும் பொடியன்களும் பளபளக்கும் விளையாட்டு உடுப்பும்தான். "இதெல்லாம் ஒரு உடுப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் அந்த உடுப்பின் கதையை இன்று கொஞ்சம் எழுதுகிறேன்.

1973 ஓகஸ்ட் 11. நியூயோர்க்கின் பிரோங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவெனியூ, 1520ஆம் இலக்கத் தொடர்மாடி. ஜமேக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மகள் சிண்டி கெம்பலுக்குப் பாடசாலை தொடங்கப் போகிறது. அங்கே நம்மைப்போல வெள்ளைச் சீருடை இல்லை. பிள்ளை போட்டுவரும் உடுப்பை வைத்தே மற்றப் பிள்ளைகள் எடை போடுவார்கள். வேறு யாரிடமும் இல்லாத உடுப்பு வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குக் காசு சேர்க்க, கட்டடத்தின் பொது அறையில் ஒரு பார்ட்டி வைத்தார். பெண் பிள்ளைகளுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். பாட்டுப் போட்டது அவருடைய நானா கிளைவ், வயது 18. டிஜே கூல் ஹேர்க் என்று பிறகு உலகம் அறிந்தவர் அவர்தான்.

பாடகர் நின்று டிரம் மட்டும் ஒலிக்கிற சில வினாடிகளுக்குத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை ஹேர்க் கவனித்திருந்தார். அந்த இடத்துக்குப் பெயர் 'பிரேக்'. ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்து, அந்த வினாடிகளை நிமிடக் கணக்கில் இழுத்தார். அதில் ஆடியவர்கள் பி-போய், பி-கேர்ள் ஆனார்கள்.

அப்போது பிரோங்ஸ் எப்படி இருந்தது? அதிவேகப் பாதைக்காக வீடுகள் இடிக்கப்பட்டிருந்தன. தொழிற்சாலைகள் போய்விட்டன. கட்டடங்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. மிஞ்சியிருந்த கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளுக்கு ஆட ஒரு காட்போட் மட்டை போதும்.

உடுப்பு வெறும் ஸ்டைலுக்கு வந்ததல்ல. நைலோன் துணி தரையில் வழுக்கும், சுழல இலகு. நீளக் கை தோலைக் காக்கும். தொப்பி, தலையில் சுழலும்போது உச்சந்தலையைக் காக்கும். சப்பாத்து விசயத்தில்தான் ரோசம். பூமாவோ அடிடாஸோ, இருப்பது ஒரு சோடி. அதை டூத்பிரஷ்ஷால் தேய்த்துத் துடைப்பார்கள். லேஸை இழுத்து அகலமாக்கி, அயன் பண்ணிக் கட்டுவார்கள். பெருநாள் சப்பாத்தைத் தலைமாட்டில் வைத்துப் படுத்த நமக்கு இது விளங்காதா?

1977இல் ரொக் ஸ்டெடி குழு உருவானது. 1983இல் 'ஃப்ளாஷ்டான்ஸ்' படத்தில் அவர்கள் வந்த சின்னக் காட்சியே இந்த ஆட்டத்தைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. அடுத்த வருடம் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவிலும் பிரேக் டான்ஸ் ஆடப்பட்டது. 1986இல் ரன்-டிஎம்சி குழு தங்கள் அடிடாஸைப் பற்றிப் பாட, கொம்பனி பத்து இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம் போட்டது. தெருப் பிள்ளைகள் உருவாக்கிய பாணி, அவர்களாலேயே வாங்க முடியாத விலைக்குக் கடைக்கு வந்தது. எனக்கு இந்தக் கதையில் கசப்பது இந்த இடம்தான்.

2024 ஓகஸ்டில் பரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் முதன்முறையாகப் போட்டியானது. ஜப்பானின் அமியும் கனடாவின் ஃபில் விசார்டும் தங்கம் வென்றார்கள். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலில் அது இல்லை.