கலம்: அணுவும் அல்ல, அறையும் அல்ல

உயிரியலின் 'செல்' என்பதற்குக் 'கலம்' என்று எழுதினால் இலங்கைப் பாடநூல் வழக்கு என்று ஒதுக்கிவிடுவது தமிழகத்தில் வாடிக்கை. 'உயிரணு'தான் தூய தமிழ் என்பார்கள். 'அணு' வடமொழிவழி வந்தது என்பது அப்போது நினைவுக்கு வராது. அது போகட்டும், பிளக்க முடியாததற்கு வைத்த பெயரை, பிளந்தே பெருகும் பொருளுக்குச் சூட்டுவது என்ன பொருத்தம்? போதாக்குறைக்கு, மருத்துவ விளம்பரங்களில் 'உயிரணுக் குறைபாடு' என்றால் விந்தணுக் குறைவு.

'செல்' மட்டும் என்ன வாழ்ந்தது? 1665இல் இராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தார். தெரிந்தவை வெற்றுக் கட்டங்கள். ஓர் அங்குல நீளத்தில் ஆயிரத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார். சிற்றறையைக் குறிக்கும் இலத்தீன் 'செல்லா' அப்படித்தான் உயிரியலுக்குள் நுழைந்தது. அவர் கண்டது உயிர் போனபின் எஞ்சிய சுவர்களை.

அந்த வழியில் தமிழில் 'கண்ணறை' என்றும் எழுதிப் பார்த்தனர். அறை என்றால் சுவர் வேண்டும். தாவரத்துக்குச் செல்லுலோசுச் சுவர் உண்டு. விலங்குக்குச் சவ்வோடு சரி. பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சுவர் உண்டு, உட்கரு இல்லை. மைக்கோபிளாஸ்மாவுக்கோ இரண்டுமே இல்லை. மனிதரின் முதிர்ந்த சிவப்பணு, உட்கருவைத் துறந்துவிட்டு ஆக்சிஜன் சுமக்கிறது.

எல்லாவற்றுக்கும் பொதுவானது, உள்ளே நீர்மத்தை ஏந்தி நிற்கும் சவ்வு. ஏந்துவது கலம்.

குறுந்தொகை 27இல் அது பால் ஏந்தும் ஏனம். புறநானூறு 256இல் குயவன் வனைவது. குறள் 660 காட்டும் சுடாத மட்கலம் நீரைக் கசியவிடும். சவ்வும் அப்படித்தான், ஆனால் உள்ளே எது வரலாம், வெளியே எது போகலாம் என்று தேர்ந்தே விடும். கிரேக்க 'கைட்டோஸ்' என்பதற்கும் உட்குழிந்த கலம் என்றே பொருள். 'சைட்டாலஜி' அதன் வழி வந்ததுதான்.

'திசு'வின் கதையும் இதுவே. பிரெஞ்சில் நெய்ததைக் குறித்த சொல், தமிழகத்தில் வெறும் ஒலியாக நிற்கிறது. ஈழத்து 'இழையம்' நெசவை விடாமல் பிடித்துக்கொண்டது. 'நியூக்ளியஸ்' விஷயத்தில் மட்டும் தமிழகத்து 'உட்கரு'வே மேல். ஈழத்துக் 'கரு' வயிற்றுக் கருவோடு குழம்பும்.

கலம் எதிலிருந்து பிறந்தது? 'கலத்தல்' என்பார் கூற்று ஒலியொப்புமைக்கு அப்பால் நகரவில்லை. கல்லுதல் என்றால் தோண்டுதல். தோண்டிக் குடைந்தது கலம் என்று கொள்ளலாம்.  மரத்தைக் குடைந்து கடலில் விட்டதும் கலமே. வேர் 'கல்' என்பது உறுதியான முடிவல்ல, ஆனால் பொருளுக்குப் பொருந்தும் ஊகம்.