இடிபடாத வீடு

வார இறுதியில் பாண்டிச்சேரிக்கு வருகிறவர்கள் மஞ்சள் சுவரோரம் நின்று படம் எடுத்து, 'டூப்ளே காலத்து வீடு' என்று போடுகிறார்கள். அந்தப் பக்கம் டூப்ளே காலத்து வீடு அநேகமாக எதுவுமே இல்லை.

1758-ல் கடலூர் பக்கத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துத் தகர்த்தார்கள். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி சரணடைந்ததும் ஆங்கிலேயர்கள் கணக்கைத் தீர்த்தார்கள். கோட்டை, டூப்ளே கட்டிய கவர்னர் மாளிகை, வெள்ளையர் நகரம் எல்லாம் தரைமட்டம். நாம் ரசிக்கும் பிரெஞ்சு நகரம் 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு எழுந்தது.

டூப்ளே காலத்து வீடு பார்க்கணும்னா கால்வாயைத் தாண்டி மேற்கே வரணும். பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. 1730களில் கட்டியது. கீழே முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள், மாடியில் ஐரோப்பிய பாணியில் சாந்து பூசிய தூண்கள். துபாஷி என்றால் இரண்டு மொழிக்காரர். வீடும் அப்படித்தான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இரண்டும் சமமாக உட்கார்ந்து பேசிக்கொண்ட ஊர் இல்லை அது. 1748 முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். கவர்னருக்கு அவ்வளவு நெருக்கமான பிள்ளையால் அதைத் தடுக்க முடியவில்லை. டூப்ளேயின் மனைவி மேல் இருந்த கோபத்தை நாட்குறிப்பில்தான் கொட்ட முடிந்தது.

1736-ல் தொடங்கிய அந்த நாட்குறிப்பில் கப்பல் வரவு, துணி வியாபாரம், வதந்தி, ஜாதிச் சண்டை எல்லாம் உண்டு. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' படித்தவர்களுக்கு இந்த உலகம் பழக்கம். நகரம் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு, அதே ஜனவரியில், பிள்ளை இறந்துபோனார். இடிப்பை எழுத அவர் இல்லை. குடும்பத்தாரிடம் கிடந்த ஏடுகளை 1846-ல் கலுவா மொம்பிரேன் கண்டெடுத்துப் பிரதி எடுக்க வைத்தார். பேக்கப் எடுக்க 85 வருஷம்!

2014 நவம்பர் மழையில் இடிந்த மேரி கட்டடத்தைக் கடற்கரையில் பழைய வடிவத்திலேயே மறுபடி கட்டியாயிற்று. நல்ல விஷயம்தான். கால்வாய்க்கு மேற்கே திண்ணையும் தாழ்வாரமுமாக ஒரு வீடு விழுந்தால், அந்த மனையில் பெரும்பாலும் லாட்ஜ்தான் வருகிறது.