கை சொன்ன கணக்கு, ரெஞ்ச் சொன்ன கணக்கு

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன பயத்துல இருந்து ஆரம்பிக்குது. போன மாசம் என் பைக்கோட முன் டயரை மாத்தினேன். மெக்கானிக் அண்ணன் முன் ஆக்ஸிலை மாட்டி, எல்லா போல்ட்டையும் இறுக்கி, கடைசியா ஸ்பேனர் மேல உடம்பை ஒரு சாய்ப்பு சாய்ச்சு, "போதும் தம்பி, இனி அசையாது"ன்னாரு. இருபது வருஷம் பழகின கை. ஆனா வண்டியை எடுத்தா, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் ஃபோர்க் இறங்கவே மாட்டேங்குது. வீட்டுக்கு வந்து சர்வீஸ் மேனுவலைத் திறந்தேன். அதுல "நல்லா இறுக்கவும்"னு எழுதல. ஒரு எண் இருந்துச்சு, பக்கத்துல நியூட்டன் மீட்டர்னு இருந்துச்சு. இந்த எண் எப்போ, எதுக்காக வந்துச்சு?

முதல்ல போல்ட்டையே பார்ப்போம். 1841ல இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், திருகாணியின் மரைக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. இத்தனை தடிமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு அளவு. ஒரு பட்டறையின் நட் அடுத்த பட்டறையின் போல்ட்டில் ஏறாது. விட்வொர்த்தால் அளவு பொதுவாச்சு. ஆனா எவ்வளவு இறுக்கணும் என்பது மட்டும் கைப்பழக்கமாவே இருந்துச்சு. "டார்க்" என்கிற சொல்லே அப்போ கிடையாது. முறுக்குதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து, 1884ல்தான் அது அச்சுக்கு வந்தது. பரிந்துரைத்தவர் ஜேம்ஸ் தாம்சன், கெல்வின் பிரபுவின் அண்ணன். நம்ம பாடப்புத்தகத்தில் அதுதான் திருப்பு விசை.

அந்த விசையை அளக்கும் கருவியின் கதை பைக்கில் தொடங்கல. நியூயார்க் தெருக்களுக்கு அடியில தொடங்குது. அந்த நகரத்தின் குடிநீர்த் துறையில் வேலை பார்த்தவர் கான்ராட் பார். நிலத்தடியில் ஓடும் குழாய்களை இணைக்கும் போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மீறி இறுக்கிவிடுவது அங்கே தீராத தலைவலி. அதைத் தடுக்க 1918ல் அவர் ஒரு டார்க் ரெஞ்சை உருவாக்கினார் என்று சொல்கிறார்கள். கவனிங்க, அவருடைய கவலை போல்ட் கழன்றுவிடும் என்பதில்லை. பலசாலி ஒருத்தர் கெடுத்துவிடுவார் என்பதுதான்.

1930களில் இதே கவலை கார் தொழிற்சாலைக்கு வந்தது. என்ஜின் ஹெட்டை ஒரு வரிசை போல்ட்டுகள் பிடிச்சிருக்கும். ஒன்று இறுக்கமா, ஒன்று தளர்வா இருந்தா கேஸ்கெட் கசியும். கிரைஸ்லர் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, பால் ஸ்டர்ட்டிவன்ட் டார்க் ரெஞ்சுகளைத் தயாரித்து விற்றார். 1935ல் கான்ராட் பாரும் ஜார்ஜ் ஃபெஃபெர்லும் இன்னொரு வகைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அதில் வேண்டிய அளவை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். அளவு வந்ததும் கருவி சத்தம் கொடுக்கும். இன்னைக்கு நாம கேட்கும் அந்த "கிளிக்"குக்கு வழி அங்கேதான் பிறந்தது.

அதே 1935ல்தான் பி.எம்.டபிள்யூ ஆர்12 பைக் எண்ணெயால் அதிர்வை அடக்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க்கோடு வந்தது. முன்சக்கரம் இப்போ இரண்டு குழாய்க் கால்களுக்கு நடுவில். இரண்டையும் கீழே இணைப்பது ஆக்ஸில். அந்தக் கால்கள் இணையாக நின்றால்தான் சஸ்பென்ஷன் வழுக்கி இறங்கும்.

சரி, அந்த எண் என்னதான் சொல்லுது? போல்ட் உண்மையில் ஒரு கெட்டியான ஸ்பிரிங். இறுக்கும்போது அது மயிரிழை அளவு நீளுது. திரும்பிச் சுருங்கத் துடிக்கும் அந்த இழுவைதான் பாகங்களைப் பிடிச்சு வைக்குது. குறைவா நீண்டா, அதிர்வில் கழலும். அதிகமா நீண்டா, மரை உரியும் அல்லது போல்ட் அறுந்துபோகும். பல பைக்குகளில் ஆக்ஸிலுக்கு 60 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 20 கிலோ எடை தொங்கினா வரும் விசை அது. ஆக்ஸிலைக் கவ்வும் பின்ச் போல்ட்டுக்கு 20ஐ ஒட்டி. அது இறங்குவது அலுமினியத்தில்; முழு பலத்தைக் காட்டினா மரை போச்சு. இதெல்லாம் உதாரணம்தான். உங்க வண்டியின் எண் உங்க மேனுவலில் இருக்கு.

ஆனா எண்ணும் முழு உண்மை இல்லை. நாம கொடுக்கும் விசையில் ஏறக்குறைய 90 சதவீதம் உராய்விலேயே போயிடும். மிச்சம்தான் போல்ட்டை நீட்டுது. உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை கிரீஸ் தடவின மரையில் வச்சா, உராய்வு குறைஞ்சு போல்ட் தேவைக்கு மேல நீளும். கிளிக் சத்தம் சரியாத்தான் வரும், இறுக்கம் தப்பாயிடும்.

என் பைக்கில் நடந்த தப்பும் வேற. மறுநாள் அண்ணன்கிட்டயே போனேன், கையில் கடன் வாங்கின டார்க் ரெஞ்ச். பின்ச் போல்ட்டைத் தளர்த்தினோம். ஆக்ஸிலை அளவா இறுக்கினோம். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடிச்சு ஃபோர்க்கை நாலைஞ்சு தடவை அமுக்கினோம். கால்கள் தானா நேருக்கு வந்தது. அதுக்கு அப்புறம்தான் பின்ச் போல்ட். முதல் நாள் அந்த அமுக்கல் விட்டுப்போச்சு. கோணலா நின்ன காலை அப்படியே பூட்டிட்டோம். எண் சரியா இருந்திருந்தாலும் ஃபோர்க் சிக்கியிருக்கும்.

கிளிக் கேட்டதும் அண்ணன் சிரிச்சாரு. "நான் இதைவிட நிறையவே இறுக்கியிருப்பேன் தம்பி." அடுத்த பின்ச் போல்ட்டைத் தன் ஸ்பேனரால் அவரே இறுக்கி, என்னை அளந்து பார்க்கச் சொன்னாரு. மூணாவது தடவை, கிட்டத்தட்ட சரியா நிறுத்தினாரு. நூறு வருஷத்துக்கு முன்னாடி கையை நம்பாம பிறந்த கருவி, அன்னைக்கு ஒரு கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச்சு.

அடுத்த தடவை முன்சக்கரம் கழன்றா, பக்கத்துல நின்னு அந்த எண்ணைக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.