நிற்கும் மரத்துக்கு இலாபம் எழுதிய கம்பனி



"பங்குச் சந்தையில் உள்ள கம்பனிதானே, அரசாங்கம் பார்க்காமலா விடும்?" ஓய்வுபெற்று மொத்தமாகக் காசு கைக்கு வந்ததும் நம்மில் பலர் கேட்கும் கேள்வி இது. அதற்காகவே டச்வூட் கதையை எழுதுகிறோம்.

டச்வூட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கொழும்புப் பங்குச் சந்தையில் இருந்த கம்பனி. மகோகனி, சந்தனம், அகில் மரங்களை மக்களுக்கு விற்றது. இன்று பணம் கட்டினால் மரத்தை அவர்களே வளர்த்து, வெட்டும் காலத்தில் பல மடங்காகத் தருவார்களாம். அகில் என்பது நம் வீடுகளில் மணக்கும் ஊத்தான். அதன் விலை தெரிந்தவர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா?

மொனராகலையில் இறப்பர் கன்று நட்டவர் பால் வெட்ட ஆறேழு வருடம் காத்திருப்பார். நிற்கும் கன்றைக் காட்டி, "இது என் இந்த வருட வருமானம்" என்று சொல்லமாட்டார். ஆனால் சர்வதேச கணக்கியல் நியமம் 41 வேறு மாதிரி. வெட்டு மரங்களின் பெறுமதியை ஆண்டுதோறும் கணித்து, உயர்வை இலாபத்தில் சேர்க்கச் சொல்கிறது. டச்வூட் காட்டிய இலாபத்தில் பெரும் பங்கு இப்படி வந்ததே. அது கைக்கு வந்த காசல்ல. முறையே பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. விதிக்குள் நின்றே வாசிப்பவரை மயக்க முடியும் என்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவின் என்ரோன் கம்பனியும் எதிர்கால இலாபத்தை முன்கூட்டியே கணக்கில் எழுதியது. அதற்கு 1992இல் இடம் கொடுத்தது அந்நாட்டுப் பிணையங்கள் ஆணைக்குழுவேதான். 2001 டிசம்பரில் என்ரோன் வங்குரோத்து.

நம் நாட்டுப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு 2021 வரை அடிப்படையாக இருந்தது 1987ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம். கம்பனி தகவலை வெளியிடுகிறதா என்று ஆணைக்குழு பார்க்கும். அந்த மரம் அவ்வளவு பெறுமா என்று உத்தரவாதம் தராது. கணக்குகளைக் கண்காணிக்க 1995இல் தனிச் சபை வந்தது. மரம் விற்பதோ வங்கி வைப்பும் அல்ல, வழமையான பங்கும் அல்ல. 2008இல் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி விழுந்தபோதும் இதே இடைவெளியைத்தான் பார்த்தோம். மத்திய வங்கியின் அனுமதியில்லாமல் அது திரட்டியிருந்த வைப்பு ஏறத்தாழ 26 பில்லியன் ரூபா.

பழைய சட்டத்தில் தவறு செய்தவரைக் குற்றவியல் வழக்கில் ஐயமற நிரூபித்தே தண்டிக்க வேண்டும். அதற்கு முயன்றவர்களும் நிலைக்கவில்லை. ஆணைக்குழுத் தலைவர் இந்திராணி சுகததாச 2011இல் விலகினார். அடுத்து வந்த திலக் கருணாரத்ன 2012இல், சந்தை மாஃபியாவின் அழுத்தம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே போனார்.

முதிர்வுக் காலம் வந்தபோது டச்வூட்டால் பணம் கொடுக்க முடியவில்லை. முதலீட்டாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2014இல் கம்பனியைக் கலைக்க உத்தரவானது. குற்றவியல் வழக்குக்கு வெளியேயும் தண்டம் விதிக்க வழிசெய்த புதிய சட்டம் 2021இல்தான் வந்தது.

யாராவது ஆண்டறிக்கையை நீட்டினால், முன்பக்க இலாபத்தை விட்டுவிட்டுக் காசுப்பாய்ச்சற் கூற்றைத் திருப்புங்கள். வீட்டில் உயர்தர வர்த்தகப் பிள்ளை இருந்தால் பத்து நிமிடத்தில் வாசித்துக் காட்டும்.