வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

போன ஆடி மாதம் என் தங்கை மகன் ஒரு தடித்த ஃபைலோடு முட்டுக்காட்டுக்கு வந்தான். ஆடியில் யாரும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். இவன் கொடுத்துவிட்டே வந்திருந்தான். "ஆடி ஆஃபர் மாமா, சதுர அடிக்குக் குறைச்சிருக்காங்க" என்றான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. ஓ.எம்.ஆரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், இருபது வருஷக் கடன்.

"முப்பது வருஷத்துக்கு இ.சி. சுத்தமா இருக்கு. பேங்க் வக்கீலும் ஓகே சொல்லிட்டார். நீங்க ஒரு பார்வை பாத்துட்டா அம்மா நிம்மதியா இருப்பாங்க."

வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். உறவில் யார் மனை வாங்கினாலும் பத்திரம் என் மேஜைக்கு வந்துவிடும். இதற்கு ஃபில்டர் காபியைத் தவிர வேறு ஃபீஸ் கிடையாது.

ஃபைலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாய்ப்பத்திரம், பட்டா, வரைபட அனுமதி, ரெரா பதிவு எல்லாம் வரிசையாக இருந்தன. ஆனால் முப்பது வருஷம் என்றால் 1995. அப்போது ஓ.எம்.ஆர். என்ற பெயரே யார் வாயிலும் கிடையாது. அது திருப்போரூர் கந்தசாமி கோவிலுக்குப் போகிற ரோடு, மகாபலிபுரம் பழைய ரோடு. தரமணியில் டைடல் பார்க்கை வாஜ்பாய் திறந்து வைத்தது 2000 ஜூலையில். அதற்குப் பிறகுதான் சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் என்று கிழக்கும் மேற்கும் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. நம் பக்கத்து ஈ.சி.ஆரும் 2002-ல்தான் சுங்கச்சாவடி வைத்த சாலையானது. ஆக, அவன் கையில் இருந்த இ.சி., இந்த நிலத்துக்கு விலை வந்த கதையை மட்டும்தான் சொல்லும். நிலத்தின் கதை அதற்கு வெகு முன்னால் தொடங்குகிறது.

நம் செங்கல்பட்டைப் போலக் காகிதத்தில் அளக்கப்பட்ட சீமை இந்தியாவிலேயே அதிகம் இருக்காது. 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தப் பகுதியைக் கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கும்பெனிக்காரன் முதலில் செய்த காரியம் அளந்ததுதான். தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினியர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 கிராமங்களுக்குக் கணக்கெடுத்தார். வீட்டு மனை எவ்வளவு, ஏரி எவ்வளவு, வாய்க்கால் எவ்வளவு, உப்பளம், தோப்பு, காடு எவ்வளவு என்று ஊர்வாரியாக. இன்றைக்கு நாம் ஃபிளாட்டின் 'கார்பெட் ஏரியா'வுக்குச் சண்டை போடுகிறோம். அன்றைக்கு ஏரியின் பரப்பையும் விடாமல் எழுதி வைத்தார்கள்.

பிறகு கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் நின்றால் தாயார் சந்நிதி கட்டித் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, மழை இரவில் கரைமேல் வில்லோடு நின்ற ராமலட்சுமணரைக் கண்டதாகச் சொல்வார்களே, அந்த துரைதான். ஏரி காத்த ராமர் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஒரு மாவட்ட கலெக்டருக்கு ஏரி உடைந்துவிடுமோ என்று தூக்கம் வராமல் இருந்தது என்பதே எனக்கு அதில் பிடித்த பகுதி.

அந்தக் காலத்தில் 'இந்தச் செண்டு என்னுடையது' என்று விரல் நீட்டிக் காட்டுவது பல ஊர்களில் நடக்காது. மிராசுக்காரருக்கு ஊரில் பங்குதான் உண்டு. திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ் துரையின் மிராசு உரிமை பற்றிய நூல் 1818-ல் அச்சாயிற்று. பங்குதாரருக்குள் நிலத்தை அவ்வப்போது மாற்றிப் பங்கிட்டுக்கொள்ளும் பசுங்கரை ஊர்கள், நிலையாகப் பிரித்துக்கொண்ட அறுதிக்கரை ஊர்கள் என்றெல்லாம் அதில் வரும். படித்தபோது சிரிப்பு வந்தது. என் மருமகன் வாங்குவதும் பசுங்கரைப் பங்குதானே? 'பிரிபடாத பாகம் 412 சதுர அடி' என்று பத்திரத்தில் எழுதியிருக்கும், எந்த 412 என்று பிரம்மாவாலும் காட்ட முடியாது.

இந்த மிராசு விஷயத்தை வெறும் வேடிக்கையாக விட்டுவிட முடியாது. நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு அதில் ஒரு பிடி மண் கிடையாது. சர்க்கார் தரிசைத் தர்க்காஸ்து போட்டுக் கேட்டாலும், ஊர் மிராசுதாருக்கு அதில் முன்னுரிமை இருந்தது. சேரியிலிருந்து போன விண்ணப்பம் நிற்காது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் இந்த மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன்பேரில்தான் 1892-ல் அரசு ஆணை பிறந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். தரகர்கள் குரலைத் தாழ்த்தி 'டி.சி. லேண்ட்', 'கண்டிஷன் பட்டா' என்பார்கள். முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்த மக்களுக்குள்ளேயேதான் விற்கலாம். மற்றவருக்குக் கிரயம் செய்தால் செல்லாது. மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது மீட்புப் போராட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு.

அதில் எவ்வளவு இன்று அவர்கள் கையில் இருக்கிறது? மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணை கிராமத்தைக் கேட்டால் தெரியும். கைமாறிப் போன பஞ்சமி நிலத்தை மீட்க 1994-ல் அங்கே மக்கள் இறங்கினார்கள். நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அப்போது நான் சர்வீஸில் இருந்தேன். அந்த வாரம் ஆபீசில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அதற்குச் சில வருஷங்களுக்குள்தான் இந்தப் பக்கம் மனைக்கல் நடுவது திருவிழாவானது. அந்த மனைகளைத் தவணையில் வாங்கியவர்களில் எத்தனை பேர் மூலப் பதிவேட்டைப் பார்த்திருப்பார்கள்?

பார்க்கவும் வழி கடினமாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. அது வேண்டிய காரியம்தான், ஆதிக்கம் அப்படி. ஆனால் நான் பார்த்தவரை பல ஊர்களில் கணக்குப் புத்தகங்கள் ஒழுங்காகக் கைமாறவில்லை. அதே காலத்தில் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம், அதாவது யு.டி.ஆர்., நடந்தது. பழைய சர்வே எண் உட்பிரிவானது, பெயர்கள் மாறின. தவறாக ஏறிய பெயரைத் திருத்த இன்றும் வயதானவர்கள் மனுவோடு அலைகிறார்கள். இந்த முடிச்சுகளுக்கு மேல்தான் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' மனைகள் பல வருஷம் கட்டுக்கட்டாக விற்றன. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்ட பிறகுதான் பலருக்குத் தாங்கள் வாங்கியது என்னவென்றே தெரிந்தது. மறு வருஷம் வரன்முறைத் திட்டமும் ரெராவும் வந்தன.

இதையெல்லாம் சொன்னபோது மருமகன் பொறுமையாகத்தான் கேட்டான். "நம்ம சர்வே நம்பர் டி.சி. இல்லையே மாமா?" இல்லைதான். வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மென்ட் பதிவேட்டு நகல் வரைக்கும் நான் பார்த்துவிட்டேன், பட்டா புஞ்சை. அப்புறம் என்ன என்று அவன் கேட்கும் முன், பாலம் வரை நடந்துவிட்டு வரலாம் என்று கூட்டிப் போனேன்.

முட்டுக்காட்டுப் பாலத்தில் நின்று படகுத்துறையைப் பார்க்காதவர் இருக்க மாட்டீர்கள். பெடல் போட்டில் பிள்ளைகள் போவதைப் பார்ப்போம், போட்டோ எடுப்போம், மீன் சாப்பிடப் போவோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர் குறைவு. கடல் நீர் உள்ளே வருவது ஒரு பாதி. மழைக்காலத்தில் மறு பாதி வடக்கிலிருந்து வருகிறது. தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள மாடம்பாக்கம், செம்பாக்கம் போன்ற ஏரிகள் ஒன்றுக்கொன்று வழிந்து பள்ளிக்கரணைக் கழுவெளியில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக ஓ.எம்.ஆரைக் கடந்து பக்கிங்ஹாம் கால்வாயில் விழும். கால்வாய் தெற்கே ஓடி இங்கே முகத்துவாரத்தில் கடலைத் தேடும். வழியில் ஓ.எம்.ஆருக்கு மேற்கே உள்ள ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துகொள்ளும். ஐ.டி. காரிடாரின் வடிகால் வாய் நம்ம ஊர். அந்த வாயும் சில மாதம் மணல் மூடிக் கிடக்கும். கடல் ஏற்றத்தின்போது திறந்திருந்தும் பயனில்லை, தண்ணீர் வந்த வழியே எதிர்த்து நிற்கும்.

கால்வாய் வெள்ளத்துக்காக வெட்டியதல்ல, சரக்குக்காக வெட்டியது. 1806-ல் காக்ரேன் சென்னைக்கு வடக்கே தொடங்கினார். தெற்குப் பக்கம் கோவளம் வழியே மரக்காணம் வரை பின்னால் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் கூலி கொடுப்பதற்காக, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் விட்டுப்போன எட்டு கிலோமீட்டரை வெட்டி இணைத்தார்கள். கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு பெயர் 1878-ல் வந்தது அப்படித்தான். சவுக்கு விறகும் உப்பும் படகில் பட்டணம் போயின. கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில் அந்த உப்பளங்களை இன்றும் பார்க்கலாம், குளிர்காலத்தில் பூநாரைகளோடு. உப்பு விளைய நிலம் தாழ்வாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். வீடு கட்ட அதே நிலம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அந்தத் தண்ணீர் முட்டுக்காடு வந்து சேர இடம் தேடியபோது அது பழைய வழியைத்தான் தேடியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதுவேதான். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், செம்மஞ்சேரி என்று நாள்கணக்கில் நின்றது. காசு கொடுத்து வாங்கியவராவது 'பார்க்காமல் வாங்கிவிட்டோம்' என்று நொந்துகொள்ளலாம். செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் இருப்பவர்களை நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் வைத்தார்கள். அவர்களை யாரும் சைட் விசிட்டுக்கு அழைத்துப் போகவில்லை. கழுவெளியில் மிச்சமிருந்த 1,247 ஹெக்டேருக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டதும், பாதி கட்டிய வீட்டுக்குப் பணம் கட்டியவர்கள் கலங்கிப் போனார்கள். கழுவெளி என்ற சொல் காலங்காலமாக ஊரார் வாயில் இருந்ததுதான். விற்பனைப் புத்தகத்தில் 'லேக் வியூ' என்று மாறியிருந்தது.

அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் அ-பதிவேடு நகலும் புலப்படமும் வாங்கினோம். பழைய சிநேகிதர் ஒருவர் இன்னும் அங்கே இருக்கிறார், வரிசையில் நின்றுதான் வாங்கினோம் என்றாலும் ஒரு டீ கிடைத்தது. பக்கத்து சர்வே எண், ஏரி. அவன் புளாக் வரும் எண்ணின் குறுக்கே புலப்படத்தில் ஒரு வாய்க்கால் கோடு போகிறது. பில்டரின் வரைபடத்தில் அதே இடம் உள் ரோடு.

சைட்டில் இருந்த விற்பனைப் பிரிவு இளைஞரிடம் காட்டினேன். மரியாதையான பையன். "அதுல தண்ணி வந்து ரொம்ப வருஷம் ஆச்சு சார்" என்றார்.

"வாய்க்காலுக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது தம்பி" என்றேன்.

மருமகன் பின்வாங்கிவிட்டான். அட்வான்ஸில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தர நாலு மாதம் ஆக்கினார்கள். அதற்குள் பக்கத்து டவரில் விலை ஏறியது. தீபாவளிக்கு வந்தபோது அவன் மனைவி என்னிடம் 'வாங்க' என்றதோடு சரி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நாவலூரில் மாதம் இருபத்தையாயிரம் வாடகை கொடுத்துக்கொண்டு, ஸ்கூல் வேன் வரும் தெருவைத் தேடிக்கொண்டு இருப்பவள் அவள்தான். நான் பென்ஷனோடு பாலத்தில் நின்று சரித்திரம் பேசுகிறவன்.

பொங்கல் கழிந்து அவளே போன் செய்தாள். தையூர்ப் பக்கம் ஒரு இடம் வந்திருக்கிறதாம், தனி மனை. "மாமா, புலப்படம் நான் ஆன்லைன்லயே எடுத்துட்டேன். அந்தக் கோடு மாதிரி எதுவும் தெரியல. ஆனா அ-பதிவேடு எனக்குப் படிக்கத் தெரியல." வரும் சனிக்கிழமை மூன்று பேரும் போகிறோம். முதலில் தையூர் ஏரியின் மதகையும் கலங்கலையும் பார்த்துவிட்டு, உபரிநீர் போகும் வழியில் கொஞ்ச தூரம் நடந்து, அதற்கப்புறம்தான் மனைக்கு. குடை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், வெயிலுக்கு.