இந்தியாவின் அலைக்கற்றை விலைக் கொள்கை

வானலைகள் பொதுச்சொத்து, அவற்றை அரசு மக்கள் நலன் கருதியே கையாள வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு கொல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. பொதுச்சொத்துக்கு என்ன விலை வைப்பது என்ற கேள்விக்கு அடுத்து வந்த அரசுகள் அளித்த விடைகள் ஒன்றுக்கொன்று முரணானவை.

தொடக்கத்தில் அலைக்கற்றைக்குத் தனி விலை கிடையாது; உரிமத்தோடு சேர்ந்தே வந்தது. 2001-இல் நான்காவது செல்பேசி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க நடந்த ஏலத்தில் நாடு முழுமைக்குமான நுழைவுக் கட்டணம் ரூ. 1,658 கோடி என அமைந்தது. செல்பேசிச் சந்தை பன்மடங்கு பெருகிய பிறகும், 2008 ஜனவரியில் இதே விலைக்கு 122 உரிமங்கள் வழங்கப்பட்டன. அப்போது தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் பெரம்பலூர் மக்களவை உறுப்பினர் ஆ. இராசா.

2010-இல் அரசு ஏலத்துக்குத் திரும்பியது. மூன்றாம் தலைமுறை (3ஜி) அலைக்கற்றைக்கான ஏலம் 34 நாட்கள், 183 சுற்றுகள் நீடித்து ஏறத்தாழ ரூ. 67,719 கோடி ஈட்டியது. இந்த விலையே பழைய விலைக்கு எதிரான அளவுகோலாகவும் ஆனது. 2008 ஒதுக்கீட்டில் ரூ. 1.76 லட்சம் கோடி வரை இழப்பு நேர்ந்திருக்கலாம் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கூறிய மதிப்பீடு 3ஜி விலையை வைத்துக் கணக்கிடப்பட்டதே. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 122 உரிமங்களையும் ரத்து செய்தது. குற்றவியல் வழக்கிலோ, 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது.

அதே 2010-இல் நடந்த அகலப்பட்டை அலைக்கற்றை ஏலம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. விளைவில் அதுவே பெரிது. இன்ஃபோடெல் என்ற சிறு நிறுவனம் 22 வட்டங்களிலும் வென்றது. ஏலம் முடிந்த கையோடு ரிலையன்ஸ் அதை வாங்கியது. தரவுச் சேவைக்கென வாங்கிய அந்த அலைக்கற்றையில் குரல் அழைப்பும் வழங்க 2013-இல் அனுமதி கிடைத்தது. அதற்கான கட்டணம், வியப்பாக, மீண்டும் அதே ரூ. 1,658 கோடி. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியதும் தரவு விலை சரிந்தது.

மலிவாகக் கொடுத்தோம் என்ற பழிக்கு அஞ்சிய அரசு மறு எல்லைக்குச் சென்றது. 700 மெகாஹெர்ட்ஸ் அலைகள் நெடுந்தொலைவு செல்பவை, சுவர்களை எளிதில் ஊடுருவுபவை. குறைந்த கோபுரங்களைக் கொண்டே சிற்றூர்களை எட்டலாம். 2016 ஏலத்தில் இதற்கு மெகாஹெர்ட்ஸ் ஒன்றுக்கு ரூ. 11,485 கோடி அடிப்படை விலை வைக்கப்பட்டது. இது 1800 மெகாஹெர்ட்ஸின் விலையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒருவரும் கேட்கவில்லை. 2021-இல் விலையை ரூ. 6,568 கோடியாகக் குறைத்தும் விற்கவில்லை. தானியத்தைப் போல அலைக்கற்றையைச் சேமித்து வைக்க முடியாது. பயன்படுத்தாத ஆண்டுகளின் பயன் திரும்பக் கிடைப்பதில்லை. தணிக்கை அறிக்கைகள் மலிவு விற்பனையின் இழப்பைக் கணக்கிட்ட அளவுக்கு இந்த இழப்பை யாரும் கணக்கிடவில்லை.

2022-இல் விலை ரூ. 3,927 கோடியாக இறங்கியபோதுதான் ஜியோ 22 வட்டங்களிலும் 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. மற்ற தனியார் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. அடுத்த ஆண்டு இதே அலைவரிசையில் ஒரு பகுதி அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லுக்கு ஏலமின்றி ஒதுக்கப்பட்டது.